வட்டைக் காய்ச்சலும் எங்கள் குடும்பத்து வயலும்

இது நீளமான பதிவு. ஓய்வாக இருக்கும்போது வாசியுங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

எங்கள் பக்கத்தில் முன்பெல்லாம் ஒரு பெண்ணிடம் "எத்தன புள்ள?" என்று கேட்டால் பதிலில் இரண்டு எண் வரும். "பத்துப் பெத்தன், எட்டு இருக்கு மனே" என்பார் எங்கள் மூத்தம்மா. அவருடைய உம்மா, அதாவது எங்கள் பூட்டி, "ஒன்பது பெத்தன், மூணு இருக்கு" என்று சொல்வாராம். இன்று எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளிடம் அதே கேள்வியைக் கேட்டால் ஒரு எண்தான் வரும். அந்த இரண்டாவது எண் எப்போது, எப்படிக் காணாமல் போனது என்று தேடியதில் கிடைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறோம். எங்கள் குடும்பத்துக் கதை என்றாலும், கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் வெள்ளாமை செய்த எந்தக் குடும்பத்துக்கும் பெயரை மாத்தினால் பொருந்தும் என்று நினைக்கிறோம்.

தேடலுக்குக் காரணம் ஒரு கொப்பி. பூட்டன் வைத்திருந்த கணக்குக் கொப்பி. எந்தப் போகத்தில் எத்தனை அவணம், வட்டவிதானைக்கு எவ்வளவு, கடா பிடித்தவருக்கு எவ்வளவு, விதைநெல் யாருக்குக் கடன் என்றெல்லாம் அறபுத்தமிழில் எழுதியிருக்கிறார். எங்களில் யாருக்கும் சரளமாக வாசிக்கத் தெரியாது. ஊரில் மிச்சம் இருக்கிற ஒன்றிரண்டு மூத்தவர்களில் ஒருவர் உட்கார்ந்து வாசித்துத் தந்தார். நெல்லுக் கணக்குக்கு நடுவில், அதே எழுத்தில், அதே மையில் பிள்ளைகள் பிறந்த திகதிகள் இருந்தன. மௌத்தான திகதிகளும் இருந்தன. ஒன்பது பிறப்பு, ஆறு மௌத்து. ஆறில் இரண்டுக்குப் பெயர் இல்லை. ஏழாம் நாள் பெயர் வைக்க முன்னரே போய்விட்ட பிள்ளைகள். மற்ற நாலில் மூன்றுக்குப் பக்கத்தில் 'காய்ச்சல்' என்று ஒரு சொல். ஒன்றுக்கு 'முத்து' என்று ஒரு சொல், சின்னமுத்தாக இருக்க வேண்டும். ஒரே ஆண்பிள்ளைப் பெயர் மூன்று தடவை வருகிறது. போன பிள்ளையின் பெயரையே அடுத்து வந்த பிள்ளைக்கு வைத்திருக்கிறார்கள். மூன்றாவதாக அந்தப் பெயரைச் சுமந்தவர்தான் தங்கினார்.

வேறு எதுவும் எழுதவில்லை. ஒரு வருத்தச் சொல் கூட இல்லை. அடுத்த வரியில் நெல்லுக் கணக்கு தொடர்கிறது. பூட்டன் கல்நெஞ்சுக்காரர் என்று எங்களில் இளையவர்கள் நினைத்தார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. அந்தக் காலத்துக் கொப்பியில் அதை எழுதி வைத்ததே பெரிய விசயம். பல வீடுகளில் அந்தப் பிள்ளைகளுக்கு எழுத்தும் இல்லை, மையவாடியில் மீசான் கட்டையும் இல்லை.

இப்போது கொப்பி காட்டித் தந்த முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். திகதிகள் எல்லாம் ஹிஜ்ரியில் இருக்கின்றன. காய்ச்சலில் போன மூன்று பிள்ளைகளில் முதலாவது ஸபர் மாதத்தில், இரண்டாவது றஜபில், மூன்றாவது நோன்பு மாதத்தில். இருபது வருடத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் நடந்தவை. பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஆனால் முதல் பிள்ளை ஸபரில் போனதால் எங்கள் வீட்டில் ஸபர் மாதம் என்றால் பயம். ஸபரில் பீடை இல்லை என்று மார்க்கம் தெளிவாகச் சொல்லியிருந்தும் அக்காலத்தில் பல வீடுகளில் இந்தப் பயம் இருந்தது, ஒடுக்கத்துப் புதன் அன்று ஓதி எழுதிய தண்ணீர் குடிக்கிற வழக்கமும் இருந்தது. முதல் பிள்ளை போனதிலிருந்து ஸபரில் சின்னப்பிள்ளைகளை வட்டைக்குக் கூட்டிப் போவதில்லை என்று பூட்டி உறுதியாக நின்றிருக்கிறார். மூத்தம்மா சொல்லக் கேட்டது இது.

எங்களில் ஒருவர் கணிதம் படிப்பிக்கிறவர். அவர் அந்தத் திகதிகளை ஆங்கில மாதத்துக்கு மாற்றிப் பார்த்தார். மூன்றும் டிசம்பர் கடைசிக்கும் பெப்ரவரி நடுப்பகுதிக்கும் இடையில் வந்து விழுந்தன!

ஹிஜ்ரி வருடம் சூரிய வருடத்தை விட 10, 11 நாள் குறைவு என்பது நாங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற பாடம்தான். அதனால் ஸபர் மாதம் வருடாவருடம் முன்னோக்கி நகரும். முதல் பிள்ளை போன வருடம் ஸபர் மாரிக் காலத்தில் வந்தது. மூன்றாவது பிள்ளையின் காலத்தில் அதே ஸபர் கோடைக்கு நகர்ந்து போயிருந்தது. பூட்டி காவல் வைத்த மாதம் காய்ச்சல் குறைந்த மாதம். காய்ச்சல் வந்த மாதத்தில் காவல் இல்லை. பிள்ளைகள் மேல் அக்கறை இல்லாமல் நடந்ததல்ல இது. எந்த மாதத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று சொல்லித் தர அன்று ஆள் இருக்கவில்லை.

டிசம்பர் முதல் பெப்ரவரி வரை என்ன நடக்கும் என்று வெள்ளாமைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. ஒக்டோபர், நவம்பரில் விதைப்பு. பிறகு களை, காவல், தண்ணீர்ச் சண்டை. மாசி, பங்குனியில் வெட்டும் சூடடிப்பும். ஊர் கடற்கரைப் பக்கம் மணலில் நெருக்கமாக இருக்கும், வயல் உள்ளே பல மைல் தள்ளி இருக்கும். இன்று போல மோட்டார் சைக்கிளில் போய் மத்தியானச் சோத்துக்குத் திரும்பி வருகிற காலமல்ல. வண்டிலில் சட்டி, பானை, பாய், அரிசி, கருவாடு எல்லாம் ஏற்றிக்கொண்டு குடும்பமாகப் போய் வாடியில் தங்க வேண்டும். பன்றிக்கும் யானைக்கும் இரவில் பரண் காவல். பால்குடிப் பிள்ளையை யாரிடம் விட்டுப் போவது? பிள்ளையும் போகும். வாடி என்பது கம்பும் கிடுகும் வைக்கோலும். கதவு கிடையாது. நுளம்பு வலை என்றால் என்னவென்றே தெரியாது.

காய்ச்சலைப் பரப்புவது நுளம்பு என்பதை ரொனால்ட் ரொஸ் 1897இல் இந்தியாவில் கண்டுபிடித்தார். அந்தச் செய்தி எங்கள் வாடிகளுக்கு வந்துசேர எத்தனையோ வருடம் எடுத்தது. 'காட்டுத் தண்ணி ஒத்துக்கல்ல' என்றுதான் எங்கள் ஆட்கள் சொன்னார்கள். அது முழுப் பிழையும் இல்லை. இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய முக்கியமான நுளம்பு, அனோபிலஸ் குலிசிபேசிஸ் என்ற இனம், ஓடுகிற ஆற்றிலோ அழுக்குச் சாக்கடையிலோ பெருகுவதில்லை. வெயில் படுகிற, தெளிந்த, தேங்கிய தண்ணீர்தான் அதற்கு வேண்டும். ஆறு வற்றும்போது மணலில் அங்கங்கே தங்குகிற குட்டைகள், கைவிட்ட கிணறுகள், மண் வெட்டிய கிடங்குகள். கல்லோயா அணை கட்ட முன்னர் பட்டிப்பளை ஆறு மாரியில் பெருகி வயலை மூடும், மழை விட்டதும் சுருங்கிக் குட்டைகளாக நிற்கும். குடிக்கவும் குளிக்கவும் எங்கள் ஆட்கள் தேடிப் போனது அந்தத் தெளிந்த தண்ணீரைத்தான்.

இங்கே இலங்கை வரலாற்றுப் புத்தகங்களில் வருகிற பெரிய மலேரியாக் கொள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1934, 1935. தென்மேல் பருவமழை பொய்த்து களனி ஆறு, மா ஓயா, தெதுறு ஓயா எல்லாம் குட்டைகளாகி, கேகாலை, குருநாகல் பக்கமெல்லாம் காய்ச்சல் பரவியது. ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். அப்போது நாட்டின் மொத்தச் சனத்தொகை 55 இலட்சம் அளவுதான். 1935இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 பேர் ஒரு வயதைத் தாண்டவில்லை. அதாவது நாலில் ஒன்றுக்கு மேல். சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் ஊர் ஊராகப் போய் மருந்தும் உணவும் கொடுத்தது அப்போதுதான். என்.எம். பெரேரா பருப்புப் பங்கிட்டதால் 'பருப்பு மாத்தயா' என்று பெயர் வாங்கினார். சமசமாஜக் கட்சி 1935இல் உருவானதற்கும் இந்த அனுபவத்துக்கும் தொடர்பு உண்டு.

ஆனால் கவனித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். அந்தக் கொள்ளை அதிகம் தாக்கியது ஈரவலயத்தின் ஓரத்தை. வழமையாக மலேரியா குறைவாக இருந்த, எதிர்ப்புச் சக்தி இல்லாத மக்களை. எங்களைப் போன்ற உலர்வலயத்துக்காரருக்கு அது அந்தளவு பெரிய கொள்ளை அல்ல. ஏன் தெரியுமா? எங்களுக்கு அது வருடாவருடம் நடந்தது. காய்ச்சல் எப்போதும் இருக்கிற இடத்தில் சிறுவயதில் திரும்பத் திரும்பக் காய்ச்சல் கண்டு தப்புகிற பிள்ளைக்கு ஓரளவு எதிர்ப்பு வந்துவிடும். பிறகு வளர்ந்த ஆளாகக் காய்ச்சல் வந்தாலும் இரண்டு நாள் நடுங்கிவிட்டு எழும்பி மண்வெட்டியைத் தூக்குவார். 'எங்கட ஆக்களுக்குக் காட்டுக் காய்ச்சல் பெரிசில்ல' என்று போடியார்மார் பெருமையாகச் சொன்னதுக்கு விலை கொடுத்தது ஐந்து வயதைத் தாண்டாத பிள்ளைகள்தான். எங்கள் கொப்பியில் உள்ள மூன்றாவது பிள்ளை அந்தப் பெரிய கொள்ளைக்கு ஒன்றிரண்டு வருடம் முன்னரே போய்விட்டது. அந்தப் பிள்ளையைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை, எந்த ஆணைக்குழுவும் விசாரிக்கவில்லை. சாதாரண வருடத்தில் நடந்த சாதாரண மௌத்து.

பெயரில்லாத இரண்டு பிள்ளைகளைப் பற்றியும் இப்போது யோசிக்கிறோம். கர்ப்பிணித் தாய்க்கு மலேரியா வந்தால் பிள்ளை நிறை குறைந்து பிறக்கும், குறை மாதத்தில் பிறக்கும் என்பது இன்று மருத்துவம் சொல்வது. தொப்புள்கொடி வெட்டிய கத்தியால் வருகிற ஏற்புவலியும் அக்காலத்தில் பிறந்த பிள்ளைகளைக் கொண்டுபோன நோய். இரண்டில் எதுவென்று கொப்பி சொல்லவில்லை. 'கண்ணூறு' என்றுதான் பூட்டி கடைசி வரைக்கும் நம்பினாராம்.

அன்றைய வைத்தியம் இப்படி: முதலில் லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்குவது, நூல் கட்டுவது. அதற்கும் விடாவிட்டால் பரிசாரியார். குடிநீர், பத்தியம். அதற்கும் மேல் கொயினா. அரசாங்கம் கொயினாவை விதானைமார் மூலமும் பள்ளிக்கூடங்கள் மூலமும் கொடுத்தது. அந்தக் கசப்பைப் பற்றி மூத்தம்மா சொல்லும்போதே முகம் சுருங்கும். பிள்ளைகளின் மூக்கைப் பிடித்து ஊற்றுவார்களாம், பாதி துப்பிவிடும். நேர்ச்சைகளும் உண்டு. கல்முனைக்குடி கடற்கரைப்பள்ளிக்கு நாகூர் ஆண்டகை பேரில் நேர்ந்துகொண்டு, தங்கினால் 'மீரா' என்று பெயரில் சேர்க்கிறேன் என்று வைத்ததால்தான் எங்கள் பெரிய மூத்தப்பாவின் பெயரில் மீரா வந்தது. மூன்றாவது தடவை வைத்த பெயர் என்று மேலே சொன்னோமே, அவர்தான். முத்து, அம்மை என்றால் எங்கள் வீட்டு வாசலிலும் வேப்பிலைதான். பக்கத்துத் தமிழ் ஊர்களில் வைகாசியில் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி நடக்கும். காரைதீவு, பட்டிமேடு, தம்பிலுவில் எல்லாம் பெயர் பெற்றவை. நோய் இரண்டு ஊருக்கும் ஒன்றாகத்தான் வந்தது. இப்போது இதையெல்லாம் மார்க்க அடிப்படையில் விமர்சிக்கிறவர்கள் விமர்சிக்கட்டும். எங்களுக்கு அந்தத் தாய்மார் மேல் கோபம் வரவில்லை. வேறு எதுவும் கையில் இல்லாதவர்கள் அவர்கள்.

மூத்தம்மா கலியாணம் முடித்தது இரண்டாம் உலக யுத்த காலத்தில். அவருடைய முதல் இரண்டு பிள்ளைகளும் காய்ச்சலில் போயின. இரண்டாவது பிள்ளைக்கு மண்ணீரல் வீங்கி வயிறு பானை மாதிரி இருந்ததாம். 'கட்டி' என்று சொல்வார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று கணக்கெடுத்துத்தான் ஒரு ஊரில் மலேரியா எவ்வளவு என்று அன்று அளந்தார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயது வரை இருக்கவில்லை. அதனால் அந்தக் கணக்கிலும் இல்லை.

மூன்றாவது பிள்ளையிலிருந்து எல்லாம் தங்கின. எட்டுப் பிள்ளை. மூத்தம்மாவிடம் காரணம் கேட்டால் "அல்லாஹ்ட ரஹ்மத்" என்பார், கொஞ்சம் நின்று, "பிறகு அந்த வெள்ள மருந்து" என்பார்.

வெள்ளை மருந்து என்றால் டீ.டீ.ரீ. 1945 கடைசியில் அநுராதபுரப் பக்கம் தொடங்கி 1946, 1947இல் நாடு முழுக்க வீட்டுச் சுவர்களுக்கு அடித்தார்கள். இந்த நுளம்பு இரவில் வீட்டுக்குள் வந்து கடித்துவிட்டுச் சுவரில் உட்காரும். சுவரில் மருந்து இருந்தால் செத்துவிடும். மூத்தம்மாவுக்கு ஞாபகம் உள்ளது வேறு. குர்ஆனைத் துணியில் சுற்றிப் பக்கத்து வீட்டில் வைத்தது, சோத்துப் பானையை வெளியே தூக்கி வைத்தது, பம்பு தூக்கிய ஆண்கள் உள்ளே வருகிறார்கள் என்று பெண்கள் எல்லாம் பின்வளவுக்குப் போனது. மூட்டைப்பூச்சி செத்ததுதான் அவருக்கு முதல் சந்தோசம். பிள்ளைகள் சாகவில்லை என்பதை அவர் கவனிக்க நாலைந்து வருடம் ஆனது. சாவு நின்றதை யார் உடனே காண்பார்கள்?

நாட்டுக் கணக்கு அதை உடனே கண்டது. 1946இல் ஆயிரம் குழந்தைகளில் 141 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். 1947இல் அது 101. ஒரே வருடத்தில்! இதற்கு முழுக்க டீ.டீ.ரீ. மட்டும் காரணமல்ல என்று ஆய்வாளர்களிடையே நீண்ட விவாதம் உண்டு. மலேரியா இல்லாத மாவட்டங்களிலும் மரணம் குறைந்தது. யுத்த காலத்தில் தொடங்கிய அரிசிப் பங்கீடு, கிராமத்து ஆஸ்பத்திரிகள், மருத்துவிச்சிமார் எல்லாம் சேர்ந்துதான் நடந்தது என்பது அவர்கள் வாதம். எங்களுக்கு அந்த வாதம் சரியாகவே படுகிறது. ஆனால் எங்கள் பக்கம் மாதிரிக் காய்ச்சல் ஊறிய இடத்தில் மருந்தின் பங்கு பெரிது.

இனி வயலுக்கு வருவோம். இதைத்தான் எழுதுவதா வேண்டாமா என்று எங்களுக்குள் கனக்கக் கதைத்தோம்.

எங்கள் பக்கத்தில் வீடும் வயலும் பெண்பிள்ளைக்குத்தான் சீதனமாகப் போகும். பூட்டனுக்கு ஒன்பது பிள்ளைகளில் பெண்கள் நாலு. நாலு பேரும் தங்கியிருந்தால் பூட்டனின் ஆறு ஏக்கரும் நாலாகப் பிரிந்திருக்கும். தங்கியது ஒருவர், எங்கள் மூத்தம்மா. ஆறு ஏக்கரும் உடையாமல் அவருக்கு வந்தது. 'அந்தக் காலத்தில எங்கட குடும்பம் நல்ல வசதி' என்று இன்றும் கலியாண வீடுகளில் பெருமை பேசுகிறோமே, அந்த வசதிக்குக் கீழே மூன்று பெண்பிள்ளைகளின் கபுறு இருக்கிறது. கொப்பியை வாசித்த பிறகு அந்தப் பெருமையைப் பேச எங்களுக்கு வாய் வரவில்லை.

அடுத்த தலைமுறையில் கதை திரும்பியது. மூத்தம்மாவின் எட்டில் ஐந்து பெண்கள், எல்லோரும் தங்கினார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆறு ஏக்கரை ஐந்தாகப் பிரித்தால் ஆளுக்கு 1 ஏக்கர் 32 பேர்ச். எங்கள் உம்மாவின் பங்கு பிறகு எங்கள் மூன்று சகோதரிகளுக்குப் பிரிந்தபோது ஆளுக்கு 64 பேர்ச். உழவு மெசின் திரும்பவே இடமில்லை. வரம்பு வெட்டியே பாதி வயல் போய்விடும் என்று மச்சான்மார் பகிடி பண்ணுவார்கள். கடைசியில் குத்தகைக்குக் கொடுத்தாயிற்று. எங்களில் சிலர் ஆசிரியர், சிலர் கட்டாரில், ஒருவர் கொழும்பில் கடை. வெள்ளாமையை விட்டு விலகியதுக்கு ஆட்களின் சோம்பல் காரணம், படிப்புத் திமிர் காரணம் என்று எங்கள் ஊரில் பேசுவது வழக்கம். பிள்ளைகள் சாகாமல் தங்கியதுதான் முதல் காரணம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் தண்ணீர் நிரந்தரமாகி இரண்டு போகம் வந்தது உண்மை. ஆனால் தங்கிய பிள்ளைகளுக்கு ஏற்ற அளவு காணி எங்கள் பக்கத்துக்கு வரவில்லை. அந்த அரசியல் தனியாக எழுத வேண்டிய விசயம், இங்கே வேண்டாம்.

இன்னொரு நோயும் எங்கள் குடும்பத்தைத் திருப்பியது. 1962இல் இலங்கையில் இளம்பிள்ளை வாதம் பெரிதாகப் பரவியது. 1,800க்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வந்தது. அதே வருடம்தான் போலியோச் சொட்டு மருந்தும் நாட்டில் தொடங்கியது. எங்கள் மாமாவுக்கு அது வர முன்னரே நோய் வந்துவிட்டது. இரண்டு வயது. மூன்று நாள் காய்ச்சல், பிறகு வலது கால் தூக்கவில்லை.

வயலில் கால் இல்லாத ஆளுக்கு வேலை இல்லை. சேற்றில் நிற்க முடியாது, வரம்பில் நடக்க முடியாது, சூடு மிதிக்கிற கடாவுக்குப் பின்னால் சுற்ற முடியாது. மற்றச் சகோதரர்கள் வட்டைக்குப் போக, மாமாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். எங்கள் குடும்பத்தில் உயர்தரம் படித்த முதல் ஆள், அரசாங்க நியமனம் எடுத்த முதல் ஆள் அவர். அவரைப் பார்த்துத்தான் நாங்கள் எல்லாம் படிப்பிக்க வந்தோம். 'அல்லாஹ் ஒரு கதவ மூடினா ஒரு கதவத் திறப்பான்' என்று ஊரில் யாராவது சொன்னால் மாமா சிரிக்க மாட்டார். "கால் சரியா இருந்திருந்தா நானும் வெள்ளாமக்காரன்தான், படிக்கவும் செஞ்சிருப்பன்" என்பார். களவெட்டியில் இரவு முழுக்க நடக்கிற வேலை, அங்கே மட்டும் பேசுகிற குறிப்புச் சொற்கள், விடியப்புறம் பொலி தூற்றுகிற காற்று என்று எல்லாவற்றையும் அவர் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார், கண்டதில்லை. படிப்பை நோயின் பரிசாகச் சொல்லுவதை அவர் ஒருபோதும் ஏற்கவில்லை.

மலேரியா 1963இல் நாடு முழுக்க 17 பேருக்கு மட்டும் என்ற அளவுக்கு இறங்கியது. முடிந்துவிட்டது என்று மருந்தடிப்பைக் குறைத்தார்கள். 1968, 1969இல் திரும்பி வந்து இலட்சக்கணக்கான பேரைப் பிடித்தது. பிறகு நுளம்பு டீ.டீ.ரீ.க்குப் பழகிவிட, எழுபதுகளின் நடுப்பகுதியில் மலத்தியோனுக்கு மாறினார்கள். அந்த நாற்றம் எங்களில் மூத்தவர்களுக்கு இன்னும் மூக்கில் இருக்கும். 1990க்குப் பிறகு வட்டைக்குப் போகவே பயந்த வருடங்கள் வந்தன. அந்த யுத்தத்துக்கு நடுவிலும் போலியோ மருந்துக்காக இரண்டு தரப்பும் சில நாட்கள் துப்பாக்கியைக் கீழே வைத்தன என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். 1993க்குப் பிறகு இலங்கையில் யாருக்கும் போலியோ வரவில்லை. உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. அன்று ஊரில் யாரும் பட்டாசு கொளுத்தவில்லை. செய்தியில் இரண்டு நிமிடம் போனது.

ஆனால் நுளம்பு போகவில்லை. ஆபிரிக்கா, இந்தியா போய் வருகிறவர்களின் இரத்தத்தில் நோய் வருடாவருடம் நாட்டுக்குள் வந்துகொண்டுதான் இருக்கிறது. மன்னாரில் கிணறுகளிலும் தண்ணீர்த் தாங்கிகளிலும் பெருகுகிற புதிய இனம், அனோபிலஸ் ஸ்டீபன்ஸி, கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. மாணிக்க வியாபாரத்துக்கு ஆபிரிக்கா போகிறவர்கள் போக முன்னரே மலேரியாத் தடை இயக்கத்திடம் தடுப்பு மாத்திரை எடுக்கலாம். காசு இல்லை. திரும்பி வந்து காய்ச்சல் என்றால் டெங்கு என்று மட்டும் நினைக்காமல், போய் வந்த நாட்டின் பெயரை டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

கொப்பியில் 'முத்து' என்று ஒரு சொல் இருந்ததே, அதற்கும் வருவோம். சின்னமுத்துத் தடுப்பூசி இலங்கைக்கு 1984இல் வந்தது. 2019இல் நாடு சின்னமுத்தை ஒழித்ததாகச் சான்றிதழும் கிடைத்தது. நாலு வருடம் போகவில்லை, 2023இல் திரும்பி வந்தது. 2024 ஜனவரியில் ஒன்பது மாதம் ஆகாத குழந்தைகளுக்குக் கூட மேலதிகமாக ஊசி போட வேண்டி வந்தது. அதற்காகத் தெரிவு செய்யப்பட்ட பகுதிகளில் கல்முனையும் ஒன்று. எங்கள் பகுதி அந்தப் பட்டியலில் வந்ததை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

வகுப்பில் நாங்கள் காண்பதைச் சொல்கிறோம். தரம் 6 பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசிக்குச் சம்மதக் கடிதம் கொடுத்தனுப்பினால் சில கடிதங்கள் திரும்பி வருவதில்லை. கேட்டால் 'புள்ள பொறக்காமப் போகுமாம் சேர்', 'வாட்ஸ்அப்பில வந்திச்சி' என்கிறார்கள். குரல் பதிவு அனுப்புகிறவர் யார் என்று அவர்களுக்கும் தெரியாது. பூட்டியும் தன் பிள்ளைகளைக் காக்கத்தான் ஸபரில் வாடிக்குக் கூட்டிப் போகாமல் இருந்தார். அவருக்கு மாதத்தை மாற்றிச் சொல்ல ஒரு ஆள் இல்லை. எங்கள் தாய்மாருக்கு ஊரிலேயே குடும்பநல உத்தியோகத்தர் இருக்கிறார், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை இருக்கிறது, கேட்டால் விளங்கப்படுத்த டொக்டர்மார் இருக்கிறார்கள், அதில் எங்கள் பிள்ளைகளே பலர். கடிதத்தில் 'இல்லை' என்று எழுத முன்னர் அவர்களில் ஒருவரிடம் ஒரு தடவை கேளுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். பூட்டனின் கொப்பி மாதிரி உங்கள் வீட்டுப் பெட்டகத்திலும் இருக்கலாம். அறபு எழுத்தில் இருப்பதால் ஓதுகிற ஏடு என்று நினைத்து மரியாதையாகப் புதைத்துவிடுகிறோம், அல்லது எரித்துவிடுகிறோம். அப்படிச் செய்ய முன்னர் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். அறபுத்தமிழ் வாசிக்கக் கூடியவர்கள் ஊரில் இன்னும் ஓரிருவர் இருக்கிறார்கள், எல்லோரும் எண்பதைத் தாண்டியவர்கள். நாங்கள் கூட்டிப் போய் வாசிப்பித்துத் தருகிறோம். பிள்ளைகளின் திகதிகள் கிடைத்தால் ஆங்கில மாதத்துக்கு மாற்றித் தருவதும் எங்கள் பொறுப்பு.